வேலை தேடுதலும் ஒரு வேலையே

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடைக்கு அழைக்கப்படுவோர் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் அவற்றின் முன்னே சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், இங்கே அமர்ந்திருக்கும் வாலிபர்களிற் பலருடைய மனத்தைக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அரித்துக்கொண்டிருப்பது எது? படித்து முடித்தோம், இனி என்ன செய்வது என்னும் கேள்வியே. அந்தக் கேள்விக்கு விடை தேட உதவாத சங்கம், வேறு எத்தனை விழாக்கள் எடுத்தாலும், வாலிபர் சங்கம் என்னும் பெயருக்கு முழுவதும் தகுதியுடையதாகாது. ஆகவே வேலை தேடும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது நமது நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லி நம் முன்னோரைப் பரிகசிப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. பரிகசிப்பதற்கு முன் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து மண்ணில் பெரிய ஆறு இல்லை. கிணற்றை இறைத்துத்தான் பயிர் செய்ய வேண்டும். பனையும் கடலும் புகையிலையும் தந்தவை போக, மேலே ஒரு படி ஏறுவதற்குப் படிப்பு ஒன்றே ஏணியாக இருந்தது. வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கினர். பின்னர் சைவப் பெருமக்களும் தம் பிள்ளைகளுக்கென இங்கிலீசுப் பாடசாலைகளை நிறுவினர். அங்கே படித்தவர்கள் கொழும்புக் கந்தோர்களில் கிளாக்கர்மாராயினர். 1880 களிலிருந்து மலாய நாட்டில் றெயில் பாதைகள் போடப்பட்டபோது அந்நாட்டு றெயில்வேயிலும் தபால், பொதுவேலைப் பகுதிகளிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்தனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1904 இல் அவர்கள் அமைத்த விவேகானந்தா ஆச்சிரமம் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. மாதம் தவறாத சம்பளம், முதுமையில் பென்ஷன், ஊரில் மதிப்பு ஆகிய மூன்றையும் உத்தியோகம் தந்தது. அந்தப் பழமொழி சோம்பேறிகள் சொன்னதன்று. தம் காலத்துக் கணக்கை நன்கு போட்டவர்கள் சொன்னது.

ஆனால் அவர்கள் கணக்குப் போட்ட காலம் மாறிவிட்டது. 1956 இன் அரசகரும மொழிச் சட்டம் தமிழருக்கு அரசாங்க சேவையின் வாயிலை ஒடுக்கியது. 1971 இல் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழகத்தின் வாயிலை ஒடுக்கியது. 1950 இல் உற்பத்தி தொடங்கிப் பல குடும்பங்களைத் தாங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தால் நின்றுபோயிற்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அவ்வாறே அழிந்தது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் அவை பழையபடி எழவில்லை.

அண்மைக் கதையை நீங்கள் அறிவீர்கள். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே பந்தலிட்டு மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020 இல் நாடெங்கும் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் வந்தது. அதில் இடம் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2022 ஏப்ரில் 12 இல் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன் பின் புதிய ஆட்சேர்ப்பு மிகவும் இறுக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 30,000 பேரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது மெய்யே. அந்த 30,000 இடமும் முழு இலங்கைக்குமாக ஒதுக்கப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

குருநகரில் வாழும் நமக்குக் கடல் இருக்கிறதே என்று சிலர் சொல்வர். கடலும் முன்போல இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாயிற்று. அப்போது எத்தனை வள்ளங்கள் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன என்பது இந்த ஊராருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அடிமடி இழுவைத் தொழில் 2017 ஆம் ஆண்டின் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுபட்டு நட்டப்படுவோர் இன்றும் உளர். தகப்பனின் தொழில் மகனுக்குத் தானாகவே கிடைக்கும் என்று இனி எண்ணியிருக்க முடியாது.

இந்த நிலையில் நமது வாலிபர்கள் வேலை தேடும் முறை எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியைப் பார்க்கிறார்கள். பொருத்தமான விளம்பரம் இருந்தால் விண்ணப்பம் அனுப்புகிறார்கள். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்துக்காக ஓரிரு நாள் அலைகிறார்கள். பிறகு காத்திருக்கிறார்கள். மாதங்கள் வருஷங்களாகின்றன. இதைத் தேடுதல் என்று சொல்லலாமா? இது காத்திருத்தல். அலை ஓய்ந்த பின் கடலாட நினைப்பவனுடைய செயல் இது.

காத்திருத்தலால் வரும் கேடு பணக் கஷ்டம் மாத்திரமன்று. ஒஸ்திரியா நாட்டில் வியன்னாவுக்கு அண்மையில் மரியந்தால் என்று ஒரு கிராமம். அந்த ஊர் முழுவதும் ஒரே ஒரு நெசவு ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அந்த ஆலை மூடப்பட்டது. மரி யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் 1931, 1932 ஆம் ஆண்டுகளில் அங்கு சென்று அம்மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1933 இல் நூலாக வெளியிட்டனர். வேலை இழந்தவர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆதலின் ஊர் வாசகசாலையில் புத்தகம் எடுப்போர் தொகை கூடியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது மறுதலை. இரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் வீதியில் நடக்கும்போது நின்று நின்று மெதுவாக நடந்தார்கள். பலர் மணிக்கூடு கொண்டு திரிவதையே விட்டுவிட்டார்கள். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் கடமை இருந்த பெண்களை இந்தச் சோர்வு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? வேலையற்ற காலம் நீண்டால், வேலை தேடுவதற்கு வேண்டிய சக்தியே மனிதனை விட்டுப் போய்விடும். சந்தியில் நிற்கும் வாலிபனைச் சோம்பேறி என்று ஏசுகிறோம். அவன் சோம்பேறியாக இருந்ததால் வேலை கிடைக்காமற் போகவில்லை. வேலை கிடைக்காமையால் சோர்ந்துபோனான். ஆகவே வேலை தேடுவதையே ஒரு வேலையாகக் கொள்ள வேண்டும். அதற்குத் தொடங்கும் நேரம் வேண்டும்; முடிக்கும் நேரம் வேண்டும்; அன்றன்று செய்ததை எழுதி வைக்கும் கொப்பியும் வேண்டும்.

நிற்க. வேலைகள் உண்மையில் எவ்வழியாகக் கிடைக்கின்றன என்பதை இனிப் பார்ப்போம். மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் பொஸ்ரன் நகரத்துக்கு அண்மையிலுள்ள நியூற்றன் என்னும் ஊரில், புதிதாக வேலை மாறிய 282 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அவர்களில் நூற்றுக்கு 56 பேர் வேலை பெற்றது விளம்பரத்தாலன்று. தெரிந்த ஒருவர் சொன்ன செய்தியால். தெரிந்தவர் என்றால் மாமனோ மைத்துனனோ என்று நாம் எண்ணுவோம். அதுவுமன்று. அவர்களிற் சிலரிடம், செய்தி சொன்னவரை எவ்வளவுக்கு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் அடிக்கடி காணும் ஒருவரிடமிருந்து செய்தி பெற்றிருந்தார். மற்றவர்கள் எப்போதாவது காணும் ஒருவரிடமிருந்தும், ஆண்டுக்கு ஒருமுறை காண்பதும் அரிதான ஒருவரிடமிருந்தும் பெற்றிருந்தனர். 1973 இல் அவர் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தி பெற்றது.

காரணத்தைச் சற்றுச் சிந்தித்தால் விளங்கும். நம்மோடு ஒரே வீட்டில், ஒரே ஒழுங்கையில், ஒரே விளையாட்டு மைதானத்தில் பழகுபவனுக்கு என்ன தெரியும்? நமக்குத் தெரிந்ததே தெரியும். எப்போதோ ஒருநாள் பஸ்ஸில் கண்டு பேசிய பழைய வகுப்புத் தோழனுக்கு நாம் அறியாத வேறோர் உலகம் தெரியும். புதிய செய்தி அங்கிருந்துதான் வரும்.

மலாயாவுக்குப் போன நம்மவர்கள் இந்த உண்மையை ஆராய்ச்சி இன்றியே அறிந்திருந்தார்கள். முன்னே போன ஒருவன் ஊருக்குக் கடிதம் எழுதுவான்: இன்ன ஸ்ரேசனில் இன்ன இடம் காலியாகிறது, தம்பியை அடுத்த கப்பலுக்கு அனுப்பிவையுங்கள் என்று. கடல் கடந்த செய்தி ஊரின் வேலிக்குள் வந்து சேர்ந்தது. இன்று அந்தச் செய்தி வரும் வழிகளை நாமே திறந்துகொள்ள வேண்டும்.

களங்கண்ணி வலை கட்டுபவர்களை இந்தக் கரையில் நாம் கண்டிருக்கிறோம். கடலில் ஏதோ ஓரிடத்தில் தடியை நட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. நீர் எப்பக்கம் வற்றுகிறது, மீன் எவ்வழி திரும்புகிறது என்று பார்த்து அந்த வழியில் நடுகிறார்கள். வேலை தேடுவோனும் அவ்வாறே செய்ய வேண்டும். அதற்கான சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர்ப் பட்டியல். ஒரு கொப்பியை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த, உங்களைத் தெரிந்த, ஆனால் தினமும் காணாத ஐம்பது பேரின் பெயரை எழுதுங்கள். படிப்பித்த ஆசிரியர், ரியூட்டரியில் கூடப் படித்தவர், தகப்பனாரோடு முன்பு வேலை செய்தவர், கொழும்பிலோ வவுனியாவிலோ இருக்கும் பழைய அயலவர், பாங்ஷால் வீதியில் கடை வைத்திருப்பவர், பிறநாட்டில் உள்ள தூரத்து உறவினர் ஆகியோரை எல்லாம் எழுதுங்கள். நாளொன்றுக்கு மூவரோடு பேசுங்கள். "வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு சம்பாஷணை முடிந்துவிடும். "உங்கள் தொழிலில் எப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது? நான் இன்னும் எவரைக் கண்டு பேசலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல விரும்புவர். ஒருவரிடமிருந்து இன்னும் இரண்டு பெயர்களாவது கிடைக்கும். யாரைக் கண்டோம், எப்போது, என்ன சொன்னார், மறுபடி எப்போது போக வேண்டும் என்பவற்றைக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, விண்ணப்பம். நமது வாலிபர்களின் சுயவிபரக் கோவைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே கடையில் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவாக இயங்கக் கூடியவன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கு இதனால் என்ன பயன்? "கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு ஐந்நூறு பேருக்கு வேண்டிய சாமான் வாங்கினேன்; கணக்கைச் சபையில் ஒப்புவித்தேன்" என்று எழுதுங்கள். "சங்க வாசகசாலையின் பதிவேட்டை இரண்டு ஆண்டுகள் பொறுப்பாக வைத்திருந்தேன்" என்று எழுதுங்கள். உண்மையில் செய்ததை எழுதுங்கள்; செய்யாததை எழுதாதீர்கள். சம்பளம் வாங்காமற் செய்த வேலையும் வேலையே. ஒவ்வோர் இடத்துக்கும் அந்த இடத்துக்கு வேண்டியதை முன்னே வைத்துத் தனித்தனியாக எழுத வேண்டும்.

மூன்றாவது, நேர்முகப் பரீட்சை. போகும் நிறுவனம் என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது என்று அறியாமல் போகக் கூடாது. "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றால் பிறந்த ஊரும் படித்த பாடசாலையும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த வேலையை ஏன் செய்ய முடியும் என்பதற்கு இரண்டு உதாரணங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு முன்னே பழகுவதிலும் பார்க்க ஒரு நண்பன் கேள்வி கேட்கப் பழகுவது நன்று.

நான்காவது, கைக்குத் தெரிந்ததைக் கடதாசியில் ஏற்றுதல். நமது ஊரில் இயந்திரம் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் உளர். பைபர் கிளாஸ் வள்ளத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் உளர். ஒட்டுவேலை தெரிந்தவர் உளர். பத்து வருஷம் செய்திருப்பார்கள். கையில் ஒரு துண்டுச் சான்றிதழும் இராது. தேசியத் தொழிற் தகைமை என்று ஏழு மட்டங்கள் கொண்ட ஒரு திட்டம் இலங்கையில் இருக்கிறது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். பயிற்சி வகுப்புக்குப் போகாதவரும், முன்பு கற்றதை அங்கீகரிக்கும் முறைப்படி, மதிப்பீட்டாளர் முன்னே தம் வேலையைச் செய்து காட்டித் தகைமை பெறலாம். இதை அறியாமல் எத்தனையோ பேர் கைகாரர்களாக இருந்தும் கூலியாட்களின் சம்பளம் வாங்குகிறார்கள். புதிதாகப் பயில விரும்புவோர்க்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு. மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பெயரைப் பதிந்துகொள்வதற்கு எவருடைய சிபாரிசும் வேண்டியதில்லை.

இவற்றோடு மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழோடு சிங்களமும் இங்கிலீசும் பேசவும் எழுதவும் தெரிந்த ஒருவனுக்கு வங்கியிலும், வியாபார நிறுவனத்திலும், அரசாங்கத்திலும் இடமுண்டு. 1956 இல் மொழி நம்மேல் திணிக்கப்பட்டது. அந்த அநீதியை மறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாமே விரும்பிக் கற்கும் மொழி நமது கையில் ஓர் ஆயுதமாகும் என்றே சொல்கிறேன்.

இனி வெளிநாட்டு மோகத்தைப் பற்றி ஒரு சொல். வெளிநாடு போவதை நான் தடுக்கவில்லை. நம் இனத்தார் பலர் அப்படிப் போய்த்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் எவ்வழியாற் போகிறோம் என்பதை அறிய வேண்டும். 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்ட கப்பல் ஒன்று நடுக்கடலில் பழுதாக, முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரை சேர்க்கப்பட்டனர். கணினி வேலை என்று நம்பிப் போன நமது நாட்டு வாலிபர்கள் மியன்மாரில் மோசடிக்காரரின் முகாம்களில் அடைபட்டதையும் பத்திரிகைகளில் வாசித்தோம். இவர்கள் மூடர்களல்லர். காத்திருந்து காத்திருந்து, எந்தக் கதவு திறந்தாலும் புகுந்துவிட வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்கள். தாயின் தாலிக்கொடியும் வீட்டுறுதியும் இப்படித்தான் கைமாறுகின்றன.

ஆகவே காசு கொடுக்கும் முன் சில காரியங்களைச் செய்யுங்கள். 1985 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கும் அனுமதி பெற்றிருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்த பின் ஒப்பமிடுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள். பற்றுச்சீட்டுத் தராதவருக்கு ஒரு சதமும் கொடாதீர்கள்.

அன்பர்களே, இதுவரை நான் சொன்னவை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யக் கூடியவை. ஆனால் தனியாக இவற்றை எத்தனை நாள் செய்வீர்கள்? ஒரு வாரம் செய்வோம். பத்துப் பேர் "இல்லை" என்றதும் மனம் விட்டுப்போகும். இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது.

அமெரிக்காவில் நேதன் அஸ்ரின் என்னும் உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் வேலை தேடுவோர் கழகம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் பலனை 1975 இல் வெளியிட்டனர். அவர்கள் செய்தது மிக எளிமையானது. வேலையற்றவர்கள் நாள்தோறும் ஓரிடத்திற் கூடினார்கள். இருவர் இருவராகச் சோடி சேர்ந்து ஒருவரை ஒருவர் ஊக்கினார்கள். தமக்குப் பொருந்தாத வேலையின் செய்தி கிடைத்தால் மற்றவருக்குச் சொன்னார்கள். குடும்பத்தாரின் ஆதரவைப் பெற்றார்கள். ஒரே வகை வேலையைப் பிடித்துக்கொண்டிராமல் பல வகை வேலைகளையும் நோக்கினார்கள். இரண்டு மாதத்தில், கழகத்திற் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு வேலை கிடைத்தது. சேராமல் தனியே தேடியவர்களில் 55 பேருக்கே கிடைத்தது. சேர்ந்தவர்கள் பெற்ற சம்பளமும் கூடுதலாக இருந்தது.

அமெரிக்க நகரமும் குருநகரும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். மெய்தான். முறை ஒன்றினாலே இல்லாத வேலையை உண்டாக்க முடியாது. அதற்கு முதலீடும் தொழிற்சாலையும் நல்ல ஆட்சியும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் போராடும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் போராட்டத்தின் பலன் வரும் வரையில் நமது வாலிபர் மரியந்தால் ஊராரைப் போலச் சோர்ந்து போகாமற் காக்க வேண்டாமா? வெளியே தெரியாமல் இருக்கும் வேலைகளையாவது வெளியே கொண்டுவர வேண்டாமா?

ஆகவே இந்தச் சபையின் முன் ஒரு பிரேரணையை வைக்கிறேன். நமது சங்க மண்டபம் பகலில் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று காலைகள், எட்டரை மணி முதல் பதினொன்றரை மணி வரை அதைத் திறந்து வைப்போம். வர்த்தமானியும் பத்திரிகைகளும் இருக்கட்டும். இணைய வசதியோடு ஒரு கணினி இருக்கட்டும். ஒரு பொதுக் கொப்பி இருக்கட்டும். வேலை தேடும் பத்துப் பேர் வந்து அமரட்டும். சென்ற முறைக்குப் பின் யாரைக் கண்டோம், என்ன அறிந்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஒருவர் எழுதிய விண்ணப்பத்தை மற்றவர் திருத்தட்டும். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர் நேர்முகப் பரீட்சை நடத்துபவரைப் போல இருந்து கேள்வி கேட்கட்டும். விதி ஒன்று மாத்திரம் போதும்: வேலை கிடைத்தவர் கழகத்தை மறக்கக் கூடாது; தாம் சேர்ந்த இடத்தில் வெற்றிடம் வரும்போது முதற் செய்தியை இங்கே கொண்டுவர வேண்டும். மலாயாவுக்குப் போனவர்கள் கடிதம் எழுதியதைப் போல.

இந்தக் கழகத்தின் கதவு நம் சமயத்தாருக்கு மாத்திரம் திறந்திருக்கக் கூடாது. குருநகரில் நாம் கத்தோலிக்க மக்களோடு கூடி வாழ்பவர்கள். புனித யாகப்பர் ஆலயத்து இளைஞர்களையும் அழைப்போம். அன்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நமக்குத் தெரியாத செய்தி அவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். தங்கைமாரையும் அழைப்போம். படித்த பெண்பிள்ளைகள் தேடும் இடங்கள் ஆண்பிள்ளைகள் தேடும் இடங்களை விடக் குறைவு. தூரத்து இடத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டுமானால் துணையும் வேண்டியிருக்கிறது. இருவர் சேர்ந்து போனால் பெற்றோருக்கும் அச்சம் குறையும்.

முடிவாகப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். வேலை தேடும் பிள்ளையைக் கோயில் வீதியிற் காணும்போது, "என்ன தம்பி, இன்னும் ஒன்றும் சரிவரவில்லையோ?" என்று கேட்கிறீர்கள். அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் வராமல் ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்குவதால் செய்தி வரும் வழிகளும் அடைபடுகின்றன. அதற்குப் பதிலாக, "தம்பி, இன்னாரிடம் ஒருக்கால் போய்ப் பார், நான் அனுப்பியதாகச் சொல்" என்று ஒரு பெயரைக் கொடுங்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்த கடைக்காரரும் கந்தோர்க்காரரும் கொந்திராத்துக்காரரும் எத்தனையோ பேர். அந்தப் பெயர்கள் யாவும் சேர்ந்தால் இந்த ஊரின் வாலிபருக்கு அது பெரும் மூலதனம்.

மாப்பிள்ளை தேடும்போதும் கந்தோர்க் கதிரையை மாத்திரம் பாராதீர்கள். இயந்திரம் திருத்துபவன், மின்னிணைப்பு வேலை செய்பவன், சொந்தமாக ஒரு சிறு தொழில் நடத்துபவன் ஆகியோரும் உழைத்து உண்பவர்களே. அவர்களுக்கு நாம் மதிப்புக் கொடுக்கும் வரை நம் பிள்ளைகள் அந்தத் தொழில்களுக்குப் போகக் கூசுவார்கள். வெட்கம் போனால் பாதிக் கதவுகள் தாமே திறக்கும்.

வாலிப நண்பர்களே, தேர் இழுக்கும் நாளில் வடத்தில் யார் கை வைத்தார், எவ்வளவு பலத்தோடு இழுத்தார் என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை; எல்லோரும் ஒரே திசையில் இழுப்பதனால் தேர் அசைகிறது. வரும் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மண்டபம் திறக்கப்படும் என்று செயலாளர் வாக்களித்திருக்கிறார். ஆளுக்கு ஒரு கொப்பியும் ஐம்பது பெயர்களுமாக வந்து சேருங்கள். பெரியோர்களும் தங்களுக்குத் தெரிந்த பெயர்களோடு வாருங்கள்.